தேவானை கைதட்டிய பாட்டு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். தேவானை பிழைத்தது அந்த வாயால்தான். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கும் ‘நிழல்’ முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷமாக அவள் ஆயா. படித்தது நாலாவது. ஊசி போடத் தெரியாது, பிரஷர் பார்க்கத் தெரியாது. ஆனால் சாப்பிடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் கிழவரை நாலு வார்த்தை பேசி இரண்டு இட்லி தின்ன வைக்க அவளை விட்டால் அங்கே ஆள் கிடையாது. நர்சுகள் தோற்றுப்போன இடத்தில் “தேவானைய கூப்பிடு” என்பார்கள். அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேர் வடம் பிடிக்கப் போகிறவள் மாதிரி வருவாள்.

வந்து அவள் பேசுவதெல்லாம் குழந்தைப் பேச்சு. “எங்க பட்டு, எங்க கண்ணு, ஆ காட்டு பாக்கலாம்! நீ துன்னலன்னா காக்கா தூக்கினு பூடும்!” பாலம் கட்டிய எஞ்சினீயருக்கும் அதே காக்காதான், ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த அம்மாளுக்கும் அதே காக்காதான். தாடையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவாள். துணி மாற்றி முடித்ததும் பின்பக்கம் செல்லமாக ஒரு தட்டு. சிலர் சிரிப்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணை மூடிக்கொண்டவர்களைப் பற்றித் தேவானை ஒரு நாளும் யோசித்ததில்லை. எதற்கு யோசிக்க வேண்டும், தட்டுதான் காலியாகிவிட்டதே!

அவளைச் சொல்லியும் குற்றமில்லை என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் குற்றம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தப் பேச்சு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தேவானை பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். கல்யாணமான கையோடு கோட்டூர்புரம் ஃபிளாட்டுகளில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனாள். ஒன்பது வருஷத்தில் ஐந்து குழந்தைகள் அவள் இடுப்பில் வளர்ந்தன. காக்காவும் பூச்சாண்டியும் நிலாவும் காட்டிச் சோறு ஊட்டினாள். ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடம் போனபோது ஒவ்வொரு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. பிறகு ஆற்றங்கரையைக் காலி பண்ணச் சொல்லிக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறி வரும் தூரத்தில் கிடைத்தது இந்த வேலை. ஆட்கள் மாறினார்கள். கிண்ணமும் ஸ்பூனும் மாறவில்லை, வாயும் மாறவில்லை.

அங்கே இருக்கும் பெரியவர்களின் வீட்டுக்காரர்களுக்கு அந்த வாய் ரொம்பப் பிடித்திருந்தது. இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலை பதினொரு மணிக்கு ஒவ்வொரு குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்புக்கும் அரை நிமிஷ வீடியோ ஒன்று போகவேண்டும். துபாயிலும் டெக்சாஸிலும் இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒரு இதயப் படம் போட்டால் அன்றைய பாடு முடிந்தது. அதை எடுப்பதில் தேவானைக்கு நிகர் தேவானை. முகத்தைப் போன் பக்கம் திருப்பி, “டாட்டா சொல்லு, பையனுக்கு முத்தா குடு” என்று அவள் கொஞ்சுவதைப் பார்த்தே இரண்டு பேர் தங்கள் அம்மாவை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மேனேஜர் புகழேந்தி அதைப் புது ஆட்களிடம் பெருமையாகச் சொல்வார். தேவானை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

சகினா பேகம் வந்தது போன வருஷம் மழைக்காலத்தில். எழுபத்து நாலு வயது. ஸ்ட்ரோக் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அடையாறில் இருக்கும் மகள் ஜுவேரியா கொண்டுவந்து சேர்த்தாள். முதல் நாளே தேவானையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்.

“அம்மி தி.நகர்ல முப்பது வருஷம் மேட்சிங் கடை வெச்சிருந்தாங்க. புடவைய ஒரு வாட்டி பாத்தா போதும், அதுக்கேத்த ஜாக்கெட் துணிய கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குடுப்பாங்க. யாவாரம் பூரா தமிழ்லதான். அவங்களுக்கு எல்லாமே புரியும்க்கா, பேச்சு மட்டும்தான் வரல. நம்மகிட்ட பேசிக்கிற மாதிரி சாதாரணமா பேசுங்க.”

“நீ கவலப்படாத மா. என் கொழந்த மாறி பாத்துக்கறேன்” என்றாள் தேவானை. ஜுவேரியாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. தேவானை அதை அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

சகினாவுக்கு மிஞ்சியிருந்தது மூன்று வார்த்தை. ஆமாம் என்றால் ‘ஹவ்’, வேண்டாம் என்றால் ‘நக்கோ’, தண்ணீருக்கு ‘பானி’. மூன்றும் வீட்டு உருது. அந்த மூன்றையே கேட்டுக் கேட்டு, ஜுவேரியா முதல் நாள் சொன்னது தேவானையின் மண்டையிலிருந்து வடிந்துபோய்விட்டது. இந்த அம்மாவுக்கு மூணு வார்த்தைதான் தெரியும், அவ்வளவுதான் உலகம் என்று ஆகிவிட்டது. அது மட்டுமா? சகினா தன் இடது கையால் தேவானையின் புடவை ஓரத்தையும் ஜாக்கெட் கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். பச்சைப் புடவைக்கு அந்தப் பச்சை ஜாக்கெட் சேரவில்லை என்று கடைக்காரி சொல்கிறாள்! தேவானையோ, “பாரேன், துணிய வெச்சினு வெளயாடுது” என்று சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை வந்தால் சகினாவின் கண் வாசலில் இருக்கும். ராயப்பேட்டையிலிருந்து தங்கை வஜீஹா வருவாள். இரண்டு வயசு இளையவள், அக்காவை அப்படியே அச்சில் வார்த்த மூக்கு. டப்பாவில் சேமியா பாயசம் கொண்டுவந்து, அக்காவின் தலையைச் சீவிப் பின்னிவிட்டு, இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவாள். சகினா ஹவ், ஹவ் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். சில இடத்தில் இரண்டு பேரும் தோள் குலுங்கச் சிரிப்பார்கள். வஜீஹா ஒரு தடவைகூட அக்காவின் தாடையைப் பிடித்து ஆட்டியதில்லை.

இந்த ஏப்ரல் மாதக் கடைசியில் வஜீஹா தூக்கத்திலேயே போய்விட்டாள். ஜுவேரியா அழுது வீங்கிய கண்ணோடு வந்து மேனேஜர் அறையில் தேவானையையும் நிஷாவையும் வைத்துச் சொன்னாள். நிஷா தேவானையோடு காலை டியூட்டி பார்க்கிறவள், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

“அம்மிக்குத் தெரியக்கூடாது. தாங்கமாட்டாங்க. வஜீஹா காலா பெங்களூர்ல பையன் வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடலாம்.”

வீட்டுக்கு வீடு செய்வதுதானே? பெரியவர்களிடம் சாவைச் சொல்வதில்லை. தேவானையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை சகினா வாசலைப் பார்த்தபோது, “தங்கச்சி பெங்களூரு போயிருக்குது கண்ணு, உனுக்கு மாம்பழம் வாங்கினு வரும்” என்றாள். அதற்கடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அதே மாம்பழம்.

அதற்குப் பின் வந்த திங்கட்கிழமை காலை. சகினாவுக்குப் பேட் மாற்ற வேண்டும். உடம்பைப் புரட்ட இரண்டு ஆள் தேவை. இந்தப் பக்கம் தேவானை, அந்தப் பக்கம் நிஷா, நடுவில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடக்கிறாள் சகினா. கையும் ஓடும், வாயும் ஓடும், அதுதான் அவர்கள் வேலை செய்யும் விதம். பெரும்பாக்கத்தில் தண்ணீர் வராதது, நிஷாவின் மாமியார் வம்பு, எல்லாம் அந்த உடம்புக்கு மேலாகவே போகும், வரும்.

“பாவம்டி இது” என்றாள் தேவானை, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே. “வெள்ளிக்கெயம ஆனா வாசலயே பாத்துகினு கீது. தங்கச்சி செத்து இருவது நாளாவுது. பொதச்ச எடத்துல இந்நேரம் புல்லே மொளச்சிருக்கும். இது மாம்பழத்துக்குக் காத்துகினு கீது.”

“மெல்ல பேசுக்கா” என்றாள் நிஷா.

“அட போடி! இதுக்கு இன்னா புரியப்போவுது? பானி, நக்கோ, அவ்ளோதான். எங்க சமத்து, இந்தப் பக்கம் திரும்பு பாக்கலாம்!” என்று பின்பக்கம் ஒரு தட்டு தட்டினாள்.

சுவருக்கும் காது உண்டு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள்தான் தேவானை. கட்டிலில் கிடக்கிற மனுஷிக்குக் காது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திருப்பிப் போட்டபோது சகினாவின் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டது என்று நினைத்துப் போர்த்திவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் சகினா சாப்பிடவில்லை. ராத்திரியும் இல்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க நாலு ஸ்பூன் தண்ணீர் மட்டும். தேவானை காக்காவைக் கூப்பிட்டாள், பூச்சாண்டியைக் கூப்பிட்டாள், கோபித்துக்கொண்டு போவதுபோல் கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், நக்கோ. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தேவானை கிண்ணத்தை நிறைந்தபடியே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காலையில் அவள் உள்ளே நுழைந்தபோது சகினா கூரையைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வார்த்தைக்காரி, முழு வரி சொல்கிறாள்! திக்காமல், தெளிவாக, ஒருவித இழுப்போடு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தேவானைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச்சு வந்துவிட்டது! மணி பதினொன்றாகப் போகிறது, இதைவிட நல்ல வீடியோ கிடைக்குமா? போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“பாருங்க, பாருங்க! எங்க பாப்பா பாட்டுப் பாடுது! சூப்பரு! இன்னொரு வாட்டி பாடு செல்லம்!” போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தாளம் போட்டாள். சகினா அவளைப் பார்க்கவில்லை. அதே வரியைத் திரும்பச் சொன்னாள், கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. அதுவும் வீடியோவில் விழுந்தது. தேவானை அனுப்பிவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் ஜுவேரியா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். தேவானைக்கும் நிஷாவுக்கும் ஆள் வந்தது. தேவானை பாராட்டு வாங்கப் போகிறவள்போல்தான் போனாள். ஐயோ, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது, தலைமுடியை வேறு ஒதுக்கிவிட்டுக்கொண்டு போனாள்!

ஜுவேரியா போனை மேஜைமேல் வைத்து வீடியோவை ஓடவிட்டாள். முதலில் தேவானையின் குரல்தான் அந்த அறையை நிறைத்தது. சூப்பரு, செல்லம், கைதட்டல். அதற்கு அடியில் சகினாவின் குரல்.

“இது பாட்டு இல்லக்கா” என்றாள் ஜுவேரியா. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “எங்கள்ல ஒருத்தர் மவுத்தாயிட்டா ஓதுறது. சேதி காதுல விழுந்த உடனே எல்லார் வாயிலயும் இதுதான் வரும். நாம எல்லாரும் அல்லாவுக்குச் சொந்தம், அவன்கிட்டயே திரும்பிப் போறோம்னு அர்த்தம். பேச்சு போனவங்களுக்குக்கூட சின்ன வயசுலேர்ந்து ஓதுனது வரும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. எங்க அம்மி தன் தங்கச்சிக்கு ஓதுறாங்க. நீங்க தாளம் போடுறீங்க.”

வீடியோ மறுபடி தானாக ஓட ஆரம்பித்தது, ஜுவேரியா அதை நிறுத்தவில்லை. தன் கைதட்டலைத் தானே இரண்டாம் தடவை கேட்டாள். அந்த இரண்டு கையையும் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“யாரு சொன்னது அவங்களுக்கு?” என்று கேட்டார் புகழேந்தி.

புல்லே மொளச்சிருக்கும். தேவானைக்கு இப்போது அந்தத் திங்கட்கிழமை முழுசாக ஞாபகம் வந்துவிட்டது, ஈரத்துணி, மூடிய கண், எல்லாம். நான்தான் என்று சொல்ல வாய் திறந்தாள். வேலை போய்விட்டால்? நாற்பத்தாறு வயசில் எவன் வேலை கொடுப்பான்? வீட்டில் கால் வீங்கிக் கிடக்கிற புருஷன் சுப்புராயனுக்கு மாத்திரை யார் வாங்குவது? இதெல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டது அதற்காக இல்லை. இவ்வளவு நாள் ‘தேவானைய கூப்பிடு’ என்றவர்கள் முகத்தில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிற்க வெட்கம். வெறும் வெட்கம்! எல்லாரையும் வாயால் வளைத்தவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

எல்லாரும் சகினாவின் கட்டிலுக்குப் போனார்கள். ஜுவேரியா தாயின் காதருகில் குனிந்து உருதுவில் கேட்டாள். யார் சொன்னது என்று கை காட்டச் சொல்கிறாள் என்பது தேவானைக்கே புரிந்தது. சகினாவின் இடது கை நன்றாக வேலை செய்யும், தூக்கிக் காட்ட ஒரு நொடி போதும். அவள் நிஷாவைப் பார்த்தாள். தேவானையைப் பார்த்தாள். அந்தப் பார்வை தேவானையின் முகத்திலிருந்து இறங்கி, பச்சைப் புடவை, சேராத ஜாக்கெட், முந்தானைக்குள் ஒளித்த கை என்று மெதுவாக இறங்கியது.

“நக்கோ” என்றாள் சகினா. கையைத் தூக்கவில்லை.

வெளியே வந்ததும் புகழேந்தி தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “தேவானைக்குப் பதினோரு வருஷ சர்வீஸ், அவங்க வாய்லேர்ந்து வந்திருக்காது. நிஷா, நீ நாளைக்கு வரவேணாம். நான் கூப்பிடுறேன்.” நிஷா தேவானையைத் திரும்பிப் பார்த்தாள். ‘மெல்ல பேசுக்கா’ என்று சொன்ன அதே நிஷா. மேலே போட்டிருந்த நீலக் கோட்டைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள். அப்போதும் தேவானை பேசவில்லை. தரையில் ஒரு டைல் உடைந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜுவேரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “தேவானைக்கா, இன்னைக்கும் சாப்பிடலேன்னா மூக்குல டியூப் போடணும்னு டாக்டர் போன்ல சொல்லிட்டாரு. நான் சொன்னா நம்பமாட்டாங்க, அழுதுடுவேன். நீங்கதான் பேசத் தெரிஞ்சவங்க. காதுல விழுந்தது வேற யாரோ ஒருத்தரோட தங்கச்சி, வஜீஹா நல்லாதான் இருக்காங்கன்னு சொல்லி ஒரு வாய் குடுங்க. உங்களால முடியும்.”

பாருங்கள் விதியை! தான் செய்த குற்றத்தைத் தானே பொய் சொல்லி மூடச் சொல்லிக் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார்கள். பொய் பலித்துவிட்டால் எல்லாம் சரி. சகினா சாப்பிடுவாள், நிஷா திரும்பி வந்துவிடுவாள், தேவானை தேவானையாகவே இருப்பாள். கஞ்சிக் கிண்ணத்தோடு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“கண்ணு” என்று ஆரம்பித்தாள். “அது... அன்னிக்கு நாங்க பேசிகினு இருந்தமே... அது உன் தங்கச்சிய இல்ல. மாடியில கீறாங்களே ஒரு அம்மா, அவங்க தங்கச்சி. உன் தங்கச்சி பெங்களூருல நல்லா கீது. மாம்பழம்...” அந்த மாம்பழத்தை அவளால் முடிக்க முடியவில்லை. ஸ்பூனால் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

சகினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். அங்கே ஜுவேரியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். மறுபடி தேவானையைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கினாள். தேவானையின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, ஓர் ஆட்டு ஆட்டினாள். தேவானை எல்லாரையும் ஆட்டுவாளே, அதே ஆட்டு.

“ஹவ்” என்றாள். வாயைத் திறந்தாள்.

ஒரு ஸ்பூன் போனது. இரண்டு, மூன்று, ஐந்து. ஒவ்வொரு வாயையும் சகினா சிரமப்பட்டு விழுங்கினாள், விழுங்கும்போதெல்லாம் கண்ணீர் காதோரம் இறங்கியது. அவள் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தேவானைக்கு அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி இந்த அம்மாள் என்னைச் சமாதானப்படுத்துகிறாள். என் பொய் வீணாகக்கூடாது, என் வேலை போகக்கூடாது என்று, தங்கை செத்த துக்கத்தோடு, எனக்காகச் சோறு தின்கிறாள். இத்தனை வருஷம் ஊட்டிய தேவானைக்கு, ஊட்டப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

கதவருகில் ஜுவேரியா, “அல்ஹம்துலில்லாஹ்” என்று பெருமூச்சு விட்டாள். “பாத்தீங்களா, உங்களாலதான் முடியும்னு சொன்னேன்ல?”

தேவானை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மாடிப்படி முனையில் ஜுவேரியாவை நிறுத்தினாள்.

“நான்தான் மா.”

“என்ன?”

“நிஷா இல்ல. நான்தான் சொன்னது. அவங்க மேலயே, துணி மாத்திகினே பேசிகினு இருந்தேன். நிஷா மெல்ல பேசுன்னு சொன்னா. நான்தான் கேக்கல. இப்போ துன்னதும் என்னிய நம்பித் துன்னல மா. எல்லாம் தெரிஞ்சே துன்னாங்க. என் மேல எரக்கப்பட்டுத் துன்னாங்க.”

ஜுவேரியா கேட்டாள், “என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

“வேணாம் மா.”

“அம்மி எப்படிக் கேட்டாங்களோ அப்படியே நானும் கேக்கணும்.”

தேவானை சொன்னாள். வாசலைப் பாத்துகினு கீது என்பதிலிருந்து, பொதச்ச எடத்துல புல்லே மொளச்சிருக்கும் வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல். அன்றைக்கு ஈரத்துணியைப் பிழிகிற நேரத்தில் உதிர்ந்த வாக்கியம், இப்போது ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வந்தது. ஜுவேரியா கேட்டு முடித்து, அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு பேர் அழுகிற சத்தம் வந்தது. இருபத்திரண்டு நாள் தள்ளி அந்த வீட்டுச் சாவுக்குத் தாயும் மகளும் சேர்ந்து அழுகிறார்கள்.

தேவானை புகழேந்தியிடம் போய்ச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “உங்க வாய நம்பித்தானேம்மா இந்த ஹோமே நடக்குது” என்றார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். நிஷாவுக்கு அவளே போன் பண்ணினாள். “நாளைக்கு வந்துடு. சொல்லிட்டேன்” என்றாள். அந்தப் பக்கம் நிஷா, “சரிக்கா” என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜுவேரியா வெளியே வரும்போது சாயந்தரம் ஆகிவிட்டது. தேவானையைப் பார்க்காமலே பேசினாள். “உங்கள மாத்தச் சொல்லணுமான்னு அம்மிகிட்ட கேட்டேன். பதில் சொல்லல. என்ன முடிவு பண்றதுன்னு எனக்கும் தெரியல. நாளைக்கு நீங்களே அவங்ககிட்ட கேளுங்க.”

மறுநாள் காலை. தேவானை பச்சை ஜாக்கெட்டை விட்டுவிட்டு வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அது சேர்ந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. நிஷா பேட், துணி, வெந்நீர் எல்லாம் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தேவானை கட்டில் ஓரத்தில், சகினாவின் முகம் தெரிகிற இடத்தில் நின்றாள். பதினோரு வருஷத்தில் அவள் யாரையும் கேட்டதில்லை. போர்வையை விலக்குவாள், புரட்டுவாள், தட்டுவாள். எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

“அம்மா” என்றாள். “உங்களுக்குத் துணி மாத்தணும். நான் மாத்தட்டுங்களா? இல்ல வேற யாரயாச்சும் வரச் சொல்லட்டுங்களா? நீங்க சொல்றதுதான்.”

சகினா அவளை நிதானமாகப் பார்த்தாள். நேற்றைய கண்ணீர் இல்லை, நேற்றைய இரக்கமும் இல்லை. கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறவளின் முகம்.

“நக்கோ” என்றாள். கையைத் தூக்கி நிஷாவைக் காட்டினாள்.

தேவானை தலையை ஆட்டினாள். இன்னொரு ஆயாவை நிஷாவுக்குத் துணையாக அனுப்பிவிட்டுத் திரைக்கு வெளியே வந்து சுவரோரம் நின்றாள். உள்ளே வாளி நகர்ந்தது. ‘அம்மா, இந்தப் பக்கம் திரும்பலாமா?’ என்று நிஷா மெல்லக் கேட்பது காதில் விழுந்தது. சற்றுப் பொறுத்து, “ஹவ்” என்றாள் சகினா.